பொன்னாடையும் பின்சக்கரமும்

சைக்கிள் பயணம் போய்விட்டு வந்ததிலிருந்து நான் எங்கும் உட்காருவதில்லை. அலுவலகத்தில் கோப்பு அலமாரியின் மேல் கம்ப்யூட்டரை ஏற்றி வைத்து நின்றபடியே வேலை பார்க்கிறேன். சர்ச்சில் பாட்டுக்கு எழுந்தவன் பிரசங்கத்துக்கும் உட்காரவில்லை, அறிவிப்புகளுக்கும் உட்காரவில்லை. பக்கத்து வரிசைப் பாட்டி இதை எழுப்புதல் என்று எடுத்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல முடியாது. உண்மை இருக்கும் இடம் அப்படி.

தர்ம காரியத்துக்காகக் கூட்டமாக சைக்கிள் மிதிப்பதைப் பற்றி எனக்கு ஓர் அடிப்படையான ஆட்சேபம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆனால் நடந்ததை முதலில் சொல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்பார்கள். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒரு கிராமத்துப் பிள்ளைகள் விடுதிக்குக் குளியலறை கட்ட வேண்டும். அதற்காகச் சென்னையிலிருந்து தரங்கம்பாடிக்கு சைக்கிள் பயணம். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு அங்கே கரையிறங்கினார் அல்லவா, அந்த நாளையொட்டிப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொருவரும் சொந்தபந்தங்களைப் பிடித்து, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்க வேண்டும். இந்த வழக்கத்தில் இங்கிலாந்துக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். தென்கோடியில் லேண்ட்ஸ் எண்டில் ஏறி உட்கார்ந்து, வடகோடியில் ஜான் ஓ குரோட்ஸ் வரை சுமார் 1,400 கிலோமீட்டர் மிதித்து நன்கொடை திரட்டுவார்கள். அங்கே பணம் கொடுப்பவர், "மழையில் போகிறானே பாவம்" என்று கொடுக்கிறார். என் சகலை தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "கிலோமீட்டருக்கு அஞ்சு ரூபா. வேன்ல ஏறின தூரத்தைக் கழிச்சுக்குவேன்" என்றார்.

முதல் நாளை விட்டுவிடுவோம். புதுச்சேரி வரை எல்லோருக்கும் உற்சாகம் இருந்தது. உற்சாகத்தில் எழுத ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் விடியற்காலை நாலரைக்குப் புதுச்சேரியில் ஜெபம். வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்பதற்காகத்தான் நாலரை. "ரெண்டே நிமிஷம்" என்று போதகர் ஐயா ஆரம்பித்தார். வேதாகமத்தில் சைக்கிள் கிடையாது. ஆகவே இந்த மாதிரிப் பயணங்களில் எல்லோரும் பவுல் ஓட்டப்பந்தயத்தைப் பற்றிச் சொன்னதைத்தான் எடுப்பார்கள். அது முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது. இரண்டாம் நாளுக்கு ஐயா எசேக்கியேல் கண்ட சக்கரங்களை எடுத்தார். சக்கரத்துக்குள் சக்கரம், வட்டங்களைச் சுற்றிலும் கண்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் விளக்கம் சொல்லி முடித்தபோது வங்கக் கடலில் சூரியன் ஒரு முழம் ஏறியிருந்தது. எங்கள் குழுவில் இரண்டு வாலிபர்கள் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே பயணங்களில் ஓட்டுகிறவர்கள். அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

என் சக்கரத்துக்கு ஒரே ஒரு கண் இருந்திருந்தால்கூட கடலூருக்கு முன்னால் கிடந்த அந்த ஆணியைப் பார்த்திருக்கும்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே டீக்கடை அம்மா கேட்டார்: "வேளாங்கண்ணிக்காப்பா?" இந்தக் கேள்வி புதுச்சேரியிலிருந்தே எங்களைத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் தெற்கே கூட்டமாகப் போகிறவன் வேறு எங்கே போவான்? தவிர, கமிட்டி எங்கள் சட்டைக்கு ஆரஞ்சு நிறம் தேர்ந்தெடுத்திருந்தது. பத்தடி தள்ளிப் பார்த்தால் காவி. எங்கள் செயலாளரால் இதைப் பொறுக்க முடியாது. யார் கேட்டாலும் பிரேக் போட்டு, இறங்கி, ஸ்டாண்டு போட்டு, "இல்லீங்கம்மா, நாங்க சி.எஸ்.ஐ. இது வேண்டுதல் இல்ல, விழிப்புணர்வுப் பயணம்" என்று விளக்குவார். எதைப் பற்றிய விழிப்புணர்வு என்று அவரிடம் நான் கேட்கவில்லை. நாலரை மணி ஜெபத்துக்குப் பிறகு விழித்திருப்பதே சாதனைதான். டீக்கடை அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொடியேத்தம் ஆகஸ்ட் இருவத்தொம்பதுதானே? இப்பவே போயி என்ன பண்ணுவீங்க?" என்றார்.

கடலூரில்தான் முதல் பொன்னாடை.

இதைப் படிக்கும் உங்களில் யாரும் பொன்னாடை போர்த்தாதவர்களும் இல்லை, போர்த்தப்படாதவர்களும் இல்லை. ஆகவே அது என்ன என்று விளக்கப்போவதில்லை. ஆனால் ஈரத்தில் ஊறிய ஆரஞ்சு சட்டையின் மேல், ஜூலை மாத வெயிலில், ஜரிகைக் கரை போட்ட பாலியஸ்டர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் ஹெல்மெட்டோடு சிரித்தபடி நின்றவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அவர்கள் சார்பில் சில வார்த்தைகள்.

ஆரம்பத்தில் குழுத் தலைவருக்கு மட்டும்தான் என்று பேச்சு. ஆனால் தலைவருக்குப் போர்த்தினால் போதகர் ஐயாவுக்குப் போர்த்த வேண்டும். ஐயாவுக்குப் போர்த்தினால் செயலாளர், செயலாளருக்குப் போர்த்தினால் பொருளாளர். பொருளாளர் சைக்கிளில் வரவில்லை, வேனில் வருகிறார் என்றாலும் விட முடியுமா? அப்புறம் குழுவில் மூத்தவர், இளையவர், ஒரே பெண்மணி. இத்தனை பேருக்கும் போர்த்தியபின் மிச்சம் நிற்கும் நாலைந்து பேரை விட்டால் மனஸ்தாபம். ஆகவே எல்லோருக்கும். போர்த்துகிற பக்கமும் அப்படியே. சபைக் குழு ஒரு சுற்று, பெண்கள் ஐக்கிய சங்கம் ஒரு சுற்று, வாலிபர் சங்கம் ஒரு சுற்று. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு ரோஜாப்பூவோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல எதிர்காலம் உண்டு.

போர்த்துகிறவர் போர்த்தப்படுகிறவரைப் பார்க்கக் கூடாது. இருவரும் கேமராவைத்தான் பார்க்க வேண்டும். அதனால் சால்வை தோளில் விழாமல் முகத்தில் விழும். "போட்டோ வந்துச்சா?" "கண்ண மூடிட்டாருங்க." மறுபடி. சால்வையைத் தோளில் போட்டபின் அந்த முனையைப் பிடித்த கையை அவர் எடுக்க மாட்டார். எடுத்தால் யார் போர்த்தியது என்று படத்தில் தெரியாது. இப்படி நாலு பேர் நாலு பக்கம் பிடித்துக்கொண்டால் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போகும் தோற்றம் வந்துவிடுகிறது. போர்த்திய சால்வையை எப்போது எடுக்கலாம் என்பது அடுத்த சிக்கல். உடனே எடுத்தால் அவமரியாதை. எடுக்காமல் நின்றால் அடுத்தவர் போர்த்துவதற்குத் தோள் இல்லை. போர்த்தியவர் முதுகைத் திருப்பி மூன்று அடி நடந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று பொருளாளர் சொன்னார். அனுபவஸ்தர்.

இந்தத் துணியால் ஒரு பயனும் கிடையாது என்று நான் சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள். முகத்தில் வழியும் வியர்வையைத் துடைத்துப் பாருங்கள். வியர்வை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குப் போகும், அவ்வளவுதான். மடித்தால் நிற்காது, சரிந்துவிடும். போர்த்திக்கொண்டு தூங்க முடியாது, ஜரிகை குத்தும். விரித்துப் படுக்க முடியாது, வழுக்கும். கேரியரில் கட்டினால் காற்றில் அவிழ்ந்து பின்சக்கரத்துக்குள் போகும். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. இசடோரா டங்கன் என்ற புகழ்பெற்ற நடனக்காரி 1927இல் பிரான்சின் நீஸ் நகரத்தில் கழுத்தில் நீளமான சால்வையோடு காரில் ஏறி, அதன் நுனி சக்கரத்தில் சிக்கி இறந்துபோனார். அவர் ஒரு சால்வைதான் போட்டிருந்தார்.

பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுங்கள் என்று மு.க. ஸ்டாலின் சில ஆண்டுகளுக்கு முன்பு கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். கேட்டபோது நானும் கைதட்டினேன். சைக்கிளில் போகும்போது யோசித்துப் பார்த்தால், அவரவர் எழுதிய வரலாற்று நூல்களைக் கொடுக்க ஆரம்பித்தால் எங்கள் கதி என்ன ஆகும் என்று தோன்றியது. பாலியஸ்டருக்கு எடையாவது கிடையாது. ஆனால் ஒரு பன்னீர் சோடா கொடுத்திருக்கலாம். ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கை உப்பு. உப்பளம் இருக்கிற கடற்கரையில் ஒரு சிட்டிகை உப்பு கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சால்வை கேட்காமலே வந்தது.

கடலூரில் வரவேற்புரை ஆற்றிய பெரியவர் ஊரின் அருட்பணி வரலாற்றை 1740இலிருந்து தொடங்கினார். அந்த வருடம்தான் கீர்நாந்தர் என்ற மிஷனெரி கடலூருக்கு வந்தார். அங்கிருந்து பெரியவர் வருடம் வருடமாக நடந்தார். நாங்கள் சால்வையோடு நின்றோம். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். நாங்கள் போக முடியவில்லை. இன்னும் நன்றியுரை இருந்தது.

சிதம்பரத்துக்கு வந்து சேரும்போது உச்சிவெயில். அங்கே பிரியாணி. பிரியாணியைப் பற்றிக் குறை சொல்ல மனம் வரவில்லை. அதற்குப் பிறகு சைக்கிளில் ஏறச் சொன்னவர்களைப் பற்றிச் சொல்லலாம். போர்த்தும் படலம் இங்கேயும் உண்டு. ஆனால் இங்கே எங்கள் பொருளாளர் ஒரு காரியம் செய்தார். விருந்து கொடுத்த சபைக்கு நாமும் மரியாதை செய்ய வேண்டாமா என்று வேனிலிருந்து கடலூர்ச் சால்வைகளில் ஒரு கட்டை இறக்கினார். ஒவ்வொன்றையும் உதறி, கண்ணாடிக் காகித உறைக்குள் திரும்பப் போட்டு, உள்ளூர்க் கமிட்டியாருக்குப் போர்த்தினார். உறைகளை அவர் கடலூரிலேயே பத்திரப்படுத்தியிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதில் ஒன்றில் போண்டா எண்ணெய் பட்ட கறை இருந்தது. காலையில் என் தோளில் இருந்த சால்வை. போண்டாவும் என்னுடையதுதான்.

கொள்ளிடம் பாலத்தில் காற்று பிடித்துக்கொண்டது. பிற்பகலானால் கடல் பக்கமிருந்தும் தெற்கிலிருந்தும் சேர்ந்து முகத்தில் அறைகிறது. தென்றலைப் பாடிய புலவர்கள் ஒருவரும் தெற்கு நோக்கி சைக்கிள் மிதித்ததில்லை, அது உறுதி. பிரெவே வாலிபர்கள் எனக்கு முன்னால் போய், "அங்கிள், எங்க பின்சக்கரத்த ஒட்டியே வாங்க, காத்து அடிக்காது" என்றார்கள். ஒட்டியே போனேன். காற்று அடிக்கவில்லை. அவர்கள் முதுகில் கட்டியிருந்த சால்வைகள் அடித்தன.

ஆட்சேபத்தைச் சொல்வதாக ஆரம்பித்தேன். சொல்கிறேன். சீர்காழி தாண்டட்டும்.

சீர்காழியில் மறுபடி பஞ்சர், இந்த முறை தலைவருடைய சைக்கிள். சாலையோரக் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், வேன் ஜன்னல் வழியாகப் பிதுங்கிக்கொண்டிருந்த குவியலைப் பார்த்தார். "அதுல ஒண்ணு குடுங்க தம்பி, கை தொடைக்கத் துணி இல்ல." பொருளாளருக்கு மனசே இல்லை. நானே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் கிரீஸ் கையை அதில் ஒரு தரம் தேய்த்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொரு தரம் தேய்த்தார். பிறகு அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, பழைய லுங்கித் துண்டு ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டார். அன்று முழுவதும் நான் சந்தித்தவர்களில் சரியாகச் சிந்திக்கிற மனிதர் அவர்தான்.

கிரீஸ் பட்டதைக் குவியலில் போட முடியாது என்று பொருளாளர் சொல்லிவிட்டதால் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். ஆக்கூர் தாண்டித் திருக்கடையூர் வந்தது. அந்த ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுபது முடிந்த தம்பதிகளும் எண்பது முடிந்த தம்பதிகளும் மாலையும் கழுத்துமாக நிற்கும் தெரு. காலசம்ஹார மூர்த்தியின் தலம், எமனே உதை வாங்கிய இடம். அன்று மாலை அந்தத் தெருவில் எமனுக்கு மிக அருகில் இருந்தவன் நான்தான் என்று நினைக்கிறேன். மூச்சு வாங்கக் கால் ஊன்றி நின்றேன். நரைத்த தலை, ஜரிகைச் சால்வை, கடலூர் ரோஜாப்பூ வேறு சட்டைப் பையில். பூக்கடைக்காரம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அறுவதா எம்பதாய்யா?"

எனக்கு ஐம்பத்தி நாலு.

"அம்மா எங்க? கார்ல வர்றாங்களா?"

இந்த இடத்தில் செயலாளர் பிரேக் போட்டு, இறங்கி, ஸ்டாண்டு போட்டு, நாங்கள் சி.எஸ்.ஐ. என்று விளக்கத் தொடங்கினார். அந்த அம்மா முழுவதும் கேட்டார். "யாரா இருந்தா என்னய்யா, ஒரு முழமாச்சும் வாங்கிக்குங்க, ஊருக்கு வந்துட்டு வெறுங்கையோட போவக்கூடாது" என்றார். வாங்கினேன். அன்றைய பயணத்தில் நான் மனமாரச் செய்த ஒரே தர்மம் அதுதான், அதற்கும் அவர் சில்லறை திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தரங்கம்பாடிக்குள் நுழையும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. பழைய நகர வாசலைத் தாண்டி ராஜ வீதியில் போனால் ஒரு பக்கம் 1701இல் பிரதிஷ்டையான சீயோன் ஆலயம். அந்தப் பக்கம் 1718இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அதற்குள்ளேயே அவர் கல்லறை. இறந்தபோது வயது முப்பத்தாறுதான். தெரு முடிவில் 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, அதற்கப்பால் கடல். பார்க்க வேண்டிய ஊர். எங்களைப் பார்க்க விடவில்லை. ஷாமியானாவும் மேடையும் மைக்கும் தயாராக இருந்தன.

மேடையில் உட்காரச் சொன்னார்கள். நான் மரியாதை நிமித்தம் நின்றேன். பேச்சாளர்கள் சீகன்பால்குவின் சாதனைகளை அடுக்கினார்கள். வந்த கொஞ்ச காலத்தில் தமிழ் கற்றார். 1711க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து முடித்தார். அச்சகம் வரவழைத்து 1715க்குள் அதை அச்சடித்தும் விட்டார். இவ்வளவையும் ஒரு மனிதர் எப்படிச் செய்தார் என்று ஒவ்வொரு பேச்சாளரும் வியந்தார். எப்படி என்று எனக்குத் தெரியும். 1706இல் அவர் இறங்கியபோது ஒருவரும் வரவேற்புக் கூட்டம் போடவில்லை. டேனிஷ் தளபதிக்கு அவர் வந்ததே பிடிக்கவில்லை. வெறுப்பு முற்றி, பிறகு நாலு மாதம் அந்தக் கோட்டைக்குள் பூட்டியே வைத்தார். பொன்னாடை இல்லை, வாழ்த்துரை இல்லை, குழுப் படம் இல்லை, நன்றியுரை இல்லை. மனிதர் வேலை பார்த்தார். இப்போது இறங்கியிருந்தால் மத்தேயு முதல் அதிகாரத்தைத் தாண்டியிருக்க மாட்டார்.

இதை மைக்கில் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக் காகித உறையைக் கிழித்து எனக்குப் போர்த்தினார்கள். போண்டா எண்ணெய்க் கறை இடது தோளில் சரியாக உட்கார்ந்தது. சிதம்பரத்துச் சபையார் சிலர் காரில் நிகழ்ச்சிக்கு வந்திருந்தார்களாம். என்னைவிட அது சீக்கிரமாகவும் சொகுசாகவும் வந்திருக்கிறது. கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

எங்கள் செலவுக் கணக்கை நான் பார்க்கவில்லை. பார்த்தால் ஆட்சேபம் இன்னும் பெரிதாகும். வேன் வாடகை, டீசல், ஆரஞ்சு சட்டை, வழி நெடுக ஃப்ளெக்ஸ், ஊர் ஊராகப் பந்தல், சால்வை. அந்த விடுதிக்கு இரண்டு பக்கெட், ஒரு தாழ்ப்பாள் வைத்த கதவு, தண்ணீர் வருகிற குழாய் இவ்வளவுதான் அவசரத் தேவை. விடுதிப் பிள்ளைகளில் நாலு பேரை மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அவர்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். அதில் ஒரு பையன் கொட்டாவி விட்டதற்கு வார்டன் முறைத்தார். நான் அந்தப் பையனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், விடு தம்பி என்று. அவனுக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

இரவு சகலை போனில் வந்தார். "எவ்வளவு ஓட்டுனீங்க?" சொன்னேன். "வேன்?" சத்தியமாக ஏறவில்லை என்றேன். "கடலூர்ல சர்ச்சுக்கு உள்ள போயிட்டு வந்த தூரம்?" அதுவும் மிதித்ததுதான் என்றேன். "அது பயணத்துல சேராது, வரவேற்புல சேரும். அதுக்கு நான் ஒத்துக்கல" என்று கழித்துவிட்டார். முதலில் கோபம் வந்தது. பிறகு, இந்த நாளில் பயணம் எது வரவேற்பு எது என்று பிரித்துப் பார்த்த ஒரே ஆள் இவர்தானே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த சால்வைகளில் ஒன்றைத் தையல் மெஷினுக்கு மூடியாக்கப் பார்த்தாள் மனைவி. வழுக்கி விழுந்தது. டி.வி. மேல் போட்டாள், அதுவும் விழுந்தது. "இவ்ளோ கஷ்டப்பட்டதுக்கு அந்தப் பணத்த நேராவே குடுத்திருக்கலாம்ல?" என்றாள். என் ஆட்சேபம் அது இல்லை, அது வேறு, ஆழமானது. சொல்ல ஆரம்பித்தேன். குக்கர் விசில் அடித்ததும் எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மாதம் தெற்கேயிருந்து ஒரு சைக்கிள் குழு எங்கள் சர்ச்சுக்கு வருகிறதாம், வேறொரு விடுதிக்காக. கமிட்டியில் பட்ஜெட் பேச்சு வந்தது. சால்வை வாங்க வேண்டாம், என்னிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பொருளாளர் உறைகளும் தருவதாக ஒப்புக்கொண்டார். போர்த்துவதை மட்டும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், எனக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் இன்னும் வலிக்கிறது.